பரிசோதனைக்கு ஏன் இவ்வளவு தயக்கம்? பிலிப்பைன்ஸ் எச்.ஐ.வி. நிலவரம் குறித்து வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

பிலிப்பைன்ஸில் படிக்கும், பணிபுரியும் தமிழ் வாசகர்களிடமிருந்து சில மாதங்களாக ஒரே விஷயத்தைப் பற்றிக் கடிதங்கள் வருகின்றன. அறைத்தோழர், சக ஊழியர், கப்பலில் உடன் வேலை பார்ப்பவர் என்று தமக்கு நெருக்கமான பிலிப்பினோ ஆண்களுக்காகக் கேட்கிறார்கள். பெயர்களை நீக்கிவிட்டு, பொதுவான கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம். உடலுறவு பற்றி வெளிப்படையாகவே எழுதியிருக்கிறோம். மழுப்பி எழுதினால் யாருக்கும் பயன்படாது.

கேள்வி: டாவோவில் மருத்துவம் படிக்கிறேன். இங்கே எச்.ஐ.வி. தொற்று இளம் தன்பாலீர்ப்பு ஆண்களிடம்தான் அதிகம் என்று வகுப்பில் சொல்கிறார்கள். ஒழுக்கக்கேடுதான் காரணம் என்று சிலர் பேசுகிறார்கள். உண்மைக் காரணம் என்ன?

பிலிப்பைன்ஸில் முதல் எச்.ஐ.வி. தொற்று பதிவானது 1984-ல். இருபது ஆண்டுகளுக்கு மேல் எண்ணிக்கை மிகக் குறைவாகவே இருந்தது. 2008-ல்கூட சராசரியாக நாளொன்றுக்கு ஒருவருக்குத்தான் தொற்று கண்டறியப்பட்டது. 2025-ன் முதல் மூன்று மாதங்களில் அது நாளொன்றுக்கு 57 பேர் ஆனது. அந்த ஆண்டு ஜூனில் சுகாதாரச் செயலர் தியோடோரோ எர்போசா, இதைத் தேசியப் பொதுச் சுகாதார அவசரநிலையாக அறிவிக்க வேண்டும் என்று கோரினார். புதிதாகத் தொற்று தெரியவருபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்களோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்கள்.

காரணத்தை உடற்கூறில் தேடத் தொடங்குங்கள். மலக்குடலின் உட்சுவர் மெல்லிய ஒற்றை அடுக்கு. அதன் அடியிலேயே எச்.ஐ.வி. தேடிப் பிடிக்கும் வெள்ளணுக்கள் நெருக்கமாக இருக்கின்றன. தொற்றுள்ள, சிகிச்சையில் இல்லாத ஒருவரோடு ஆணுறை இல்லாமல் ஆசனவாய் வழி உறவு கொள்ளும்போது, உள்வாங்குபவருக்கு ஒரு முறையில் தொற்றும் வாய்ப்பு 10,000-க்கு ஏறத்தாழ 138. செலுத்துபவருக்கு 11. பிறப்புறுப்பு வழி உறவில் பெண்ணுக்கு 8. அடுத்தது, ஒரே ஆள் இரண்டு நிலையிலும் இருக்க முடியும். ஒருவரிடம் எளிதாகப் பெறுவதும் இன்னொருவருக்கு எளிதாகக் கொடுப்பதும் அதனால் சாத்தியமாகிறது. உறவு வட்டம் சிறியது என்பதால் ஒருவருக்கு வந்தது விரைவில் பலருக்குப் போய்ச் சேர்கிறது. வைரஸின் வகையும் மாறியிருக்கிறது. முன்பு பி வகை பரவலாக இருந்தது. இப்போது அந்நாட்டில் சி.ஆர்.எஃப்.01 ஏ.ஈ. என்ற கலப்பு வகைதான் அதிகம். அதில் உடலின் எதிர்ப்புச் சக்திக்கு ஆதாரமான சி.டி.4 வெள்ளணுக்கள் வேகமாகக் குறைவதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், தொற்று இருப்பது தெரியாமல் இருப்பது. 2025 நிலவரப்படி, தொற்றோடு வாழ்பவர்களாகக் கணிக்கப்பட்டவர்களில் 55 சதவீதத்தினருக்குத்தான் அது உறுதிசெய்யப்பட்டிருந்தது. மிச்சமுள்ளவர்கள் மருந்து எடுக்க வழியில்லை, வைரஸ் அளவு குறையவும் வழியில்லை. பரவல் பெரும்பாலும் அங்கிருந்துதான். ஒழுக்கத்தைப் பற்றிப் பேசப் பேச, அந்த 45 சதவீதத்தினர் பரிசோதனைக்கூடத்தின் வாசலுக்கே வர மாட்டார்கள். மருத்துவராகப் போகிற உங்களிடம் இதை அழுத்திச் சொல்கிறோம்.

கேள்வி: என் அறைத்தோழன் நேற்று முன்தினம் இரவு ஆணுறை இல்லாமல் உறவு வைத்துவிட்டுப் பயந்து கிடக்கிறான். என்ன செய்வது?

இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் அவருக்கான நேரம் கடந்திருக்கும். அதனால் உங்களுக்குத் தனி மடலில் உடனே எழுதிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே.

தேவைப்படுவது பெப். தொற்றுக்கு வாய்ப்பு ஏற்பட்ட பிறகு எடுக்கும் தடுப்பு மருந்து. 72 மணி நேரத்துக்குள் முதல் மாத்திரை உள்ளே போக வேண்டும். 72 என்பது கடைசி எல்லை. இரண்டு மணி நேரத்தில் தொடங்குவது இருபது மணி நேரத்தில் தொடங்குவதைவிட மேல். வழக்கமாகத் தருவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. நாளைக்கு ஒன்று, 28 நாட்கள்.

செல்ல வேண்டிய இடத்தை அங்கே ‘ஹப்’ என்பார்கள். அரசு அங்கீகரித்த எச்.ஐ.வி. சிகிச்சை மையம் அது. மணிலாவில் சான் லாசரோ மருத்துவமனை, பிலிப்பைன் பொது மருத்துவமனை, முந்தின்லூபாவின் அலபாங்கில் உள்ள வெப்பமண்டல மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை பழமையானவை. 2011-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய லவ் யுவர்செல்ஃப் போன்ற சமூக அமைப்புகளின் கிளினிக்குகளும் உண்டு. கிளம்பும் முன் தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ “பெப் இப்போது இருக்கிறதா, இன்று தருவீர்களா” என்று கேட்டுவிடுங்கள். எல்லா மையத்திலும் எல்லா நேரமும் இருக்கும் என்று சொல்ல முடியாது. சனிக்கிழமை இரவு நடந்துவிட்டு, திங்கள் பிற்பகல் வரை ‘போகலாமா வேண்டாமா’ என்று யோசித்தே பலர் நேரத்தைக் கடத்திவிடுகிறார்கள்.

அங்கே முதலில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிறுநீரகச் செயல்பாட்டுக்கான கிரியாட்டினின் ஆகியவற்றுக்கு ரத்தம் எடுப்பார்கள். முடிவு வரட்டும் என்று முதல் மாத்திரையைத் தள்ளிப்போடத் தேவையில்லை. 28 நாட்கள் முடிந்ததும் ஒரு பரிசோதனை, 12-ஆவது வாரம் இன்னொன்று. பத்தாம் நாள் “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்று நிறுத்திவிடுவதுதான் பெப் தோற்பதற்கு முக்கியக் காரணம்.

கேள்வி: வீட்டிலேயே செய்துகொள்ளும் பரிசோதனைப் பெட்டியை நம்பலாமா? நண்பருக்கு ‘இல்லை’ என்று வந்தது. இரண்டு மாதம் கழித்து மருத்துவமனையில் ‘உண்டு’ என்றார்கள்.

பெட்டியை நம்பலாம். உங்கள் நண்பர் சீக்கிரம் செய்திருப்பார், அல்லது செய்முறையில் பிசகியிருக்கும்.

தொற்று உடலில் புகுந்ததற்கும், பரிசோதனை அதைக் காட்டுவதற்கும் நடுவில் ஒரு காலம் உண்டு. நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனைக்கு அது 18 முதல் 45 நாட்கள். விரல் குத்திச் செய்யும் துரிதப் பரிசோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கும், ஈறில் தடவிச் செய்யும் பெட்டிக்கும் 90 நாட்கள் வரை. இரண்டு வாரத்தில் ஈறில் தடவிப் பார்த்து ‘இல்லை’ என்று வந்தால் அதற்குப் பொருள், இரண்டு வாரத்துக்கு முந்தைய உறவைப் பற்றி இன்னும் எதுவும் தெரியாது என்பதே.

இப்போது செய்முறை. ஈறில் தடவும் பெட்டியில் இரண்டு பை இருக்கும். ஒன்றில் தட்டையான பஞ்சு முனையுள்ள குச்சி, இன்னொன்றில் திரவம் நிரம்பிய சிறு குழாய். சாப்பிட்டு, குடித்து 15 நிமிடமாவது கழிய வேண்டும். பல் துலக்கியிருந்தாலோ வாய் கொப்பளிக்கும் திரவம் பயன்படுத்தியிருந்தாலோ 30 நிமிடம். குழாயை முதலில் திறந்து நிமிர்த்தி வைத்துவிடுங்கள். திரவத்தைக் கொட்டவோ குடிக்கவோ கூடாது. பஞ்சு முனையை விரலால் தொடக் கூடாது. மேல் ஈறின் வெளிப்புறம் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே ஒரு முறை, கீழ் ஈறில் அதேபோல் ஒரே ஒரு முறை. கன்னத்திலும் நாக்கிலும் அண்ணத்திலும் தடவுகிறார்கள், அது தவறு. ஈறின் ஓரத்தில் கசியும் நீரில்தான் தேவையான எதிர்ப்பொருள் இருக்கிறது. குச்சியைக் குழாயில் அடிவரை இறக்கி, கடிகாரம் பார்த்து 20 நிமிடம் விட்டுவிடுங்கள். 20-க்கும் 40-க்கும் இடையில் படிக்க வேண்டும். 40 தாண்டினால் வருகிற கோட்டை நம்பக் கூடாது.

‘சி’ என்ற இடத்தில் கோடு வராவிட்டால் பரிசோதனையே செல்லாது, புதுப் பெட்டி வேண்டும். ‘சி’-யில் மட்டும் கோடு என்றால் எதிர்மறை. ‘டி’-யிலும் கோடு தெரிந்தால், அது எவ்வளவு மங்கலாக இருந்தாலும், உறுதிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். மங்கலான கோட்டைப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குப்பையில் போடுகிறவர்கள் உண்டு. அங்கேதான் பல மாதங்கள் வீணாகின்றன.

இரண்டு எச்சரிக்கை. தொற்று வராமலிருக்க முன்கூட்டியே எடுக்கும் தடுப்பு மருந்தான பிரெப் எடுப்பவருக்கும், ஏற்கெனவே எச்.ஐ.வி. சிகிச்சையில் இருப்பவருக்கும் இந்தப் பெட்டி தவறாக ‘இல்லை’ என்று காட்டலாம். பெட்டியை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. மணிலா வெயிலில் வாசலிலோ காரிலோ நாள் முழுவதும் கிடந்த பெட்டியைப் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: பிரெப்பைத் தினமும் எடுக்க வேண்டுமா? தேவைப்படும்போது மட்டும் எடுத்தால் போதும் என்கிறார்களே?

இரண்டு முறையும் உண்டு. மணிலாவில் 2017-ல் முன்னோட்டமாகத் தொடங்கிய பிரெப் திட்டத்துக்குப் பிறகு, அந்நாட்டின் சமூகக் கிளினிக்குகள் பலவற்றில் அது கிடைக்கிறது.

தினமும் ஒரு மாத்திரை என்பது எளிது, மறதிக்கும் கொஞ்சம் இடம் தரும். தேவைக்கு எடுக்கும் முறை இரண்டு–ஒன்று–ஒன்று. உதாரணமாக, சனிக்கிழமை இரவு 10 மணிக்கு உறவு என்றால் மாலை 7 மணிக்கு இரண்டு மாத்திரை. உறவுக்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்னதாக, அதிகம் போனால் 24 மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். ஞாயிறு மாலை 7 மணிக்கு ஒன்று, திங்கள் மாலை 7 மணிக்கு ஒன்று. ஞாயிறு இரவும் உறவு நடந்தால் செவ்வாய் மாலை வரை நீட்டிக்க வேண்டும். கணக்கு இதுதான்: கடைசி உறவுக்குப் பிறகு இரண்டு நாள், நாளைக்கு ஒன்று. கடைசி மாத்திரை எடுத்து ஏழு நாளுக்குள் மறுபடி தொடங்கினால், ஆரம்பத்தில் இரண்டுக்குப் பதில் ஒன்று போதும்.

முன்னால் இரண்டை விழுங்கிவிட்டுப் பின்னால் வரும் இரண்டையும் மறந்துவிடுவதுதான் இதில் பெரும்பாலும் நடக்கும் தவறு. உறவு முடிந்ததும் மனம் நிம்மதியாகிவிடுகிறது. கைபேசியில் இரண்டு அலாரமும் முதல் மாத்திரை போடும்போதே வைத்துவிட வேண்டும்.

ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குத் தேவைக்கு எடுக்கும் முறை கூடாது. பிரெப் மாத்திரையில் உள்ள டெனோஃபோவிர் அந்த வைரஸையும் அடக்கும். எடுப்பதும் நிறுத்துவதுமாக இருந்தால் கல்லீரல் அழற்சி சட்டென்று பொங்கலாம். பிலிப்பைன்ஸில் ஹெபடைடிஸ் பி பரவலாக இருப்பதால் அந்த ஒரு ரத்தப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் எடுக்கும் திருநங்கைகளுக்கும் தினசரி முறைதான். எந்த முறையானாலும் தொடங்குமுன் எச்.ஐ.வி. இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. தொற்று இருப்பது தெரியாமல் பிரெப்பின் இரண்டு மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் வைரஸ் அவற்றுக்குப் பழகிவிடும்.

நண்பரின் டப்பாவிலிருந்து நாலைந்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இதனால்தான் ஆபத்து.

கேள்வி: அங்கே ஆண்கள் எல்லாரும் சிறுவயதிலேயே ‘துலி’ செய்துகொள்கிறார்கள். விருத்தசேதனம் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் என்று படித்தேனே?

பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவதை அது ஏறத்தாழ 60 சதவீதம் குறைக்கும். ஆண்களுக்கிடையிலான உறவில் உள்வாங்குபவருக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. இதை நம்பி ஆணுறையை விட்டவர்களுக்குத் தயவுசெய்து சொல்லுங்கள்.

கேள்வி: ஆணுறை அடிக்கடி கிழிகிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தரம் குறைவா?

தரத்தைச் சந்தேகிக்கும் முன், கூடவே எதைத் தடவுகிறார்கள் என்று கேளுங்கள். பேபி ஆயில், உடலுக்குப் பூசும் லோஷன், வாசலின், தேங்காய் எண்ணெய், எதுவானாலும் எண்ணெய்ப் பசை லேடெக்ஸ் ரப்பரை ஒரு நிமிடத்திலேயே பலவீனமாக்கத் தொடங்கிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, நடுவில் கிழியும். எச்சில் சீக்கிரம் காய்ந்துவிடும், உராய்வு கூடிக் கிழியும். நீர் சார்ந்த அல்லது சிலிக்கான் சார்ந்த வழவழப்புத் திரவம்தான் சரி. சமூகக் கிளினிக்குகளில் ஆணுறையோடு சிறு பொட்டலங்களாகவும் தருகிறார்கள். நோனாக்சினால்–9 என்ற விந்தணுக்கொல்லி கலந்ததை வாங்காதீர்கள், மலக்குடலின் உட்சுவரை அது அரிக்கும். மரத்துப்போகச் செய்யும் திரவமும் வேண்டாம். வலி என்பது உடல் தரும் எச்சரிக்கை.

உறையைப் பல்லால் கிழிக்காமல் ஓரத்தில் பிரியுங்கள். நுனியில் உட்புறம் ஒரே ஒரு சொட்டுத் திரவம், அதற்கு மேல் விட்டால் வழுக்கிக் கழன்றுவிடும். நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றிவிட்டு அடிவரை உருட்டுங்கள். வெளியே தாராளமாகத் திரவம். நேரம் நீண்டால் மறுபடி தடவ வேண்டும், அரை மணியைத் தாண்டினால் உறையையே மாற்ற வேண்டும். முடிந்ததும் விறைப்பு இருக்கும்போதே அடிப்பகுதியைப் பிடித்தபடி வெளியே எடுக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போடுவது உராய்வைக் கூட்டுமே தவிர பாதுகாப்பைக் கூட்டாது. அளவும் முக்கியம். சாதாரண உறையின் தட்டை அகலம் 52 முதல் 54 மில்லிமீட்டர். இறுக்கினால் 56-க்குப் போங்கள், கழன்றால் 49. பர்சில் மடித்து வைத்து மாதக்கணக்கில் உட்கார்ந்த உறையைத் தூக்கிப்போடுங்கள்.

உறவுக்கு முன் கழுவுவதென்றால் வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும். சோப்பு கூடாது. அடிக்கடி கழுவினாலும் உட்சுவர் புண்ணாகி, தொற்றுக்கு வழி திறக்கும்.

கேள்வி: நான் நடத்தும் வகுப்பில் 16 வயது மாணவர் ஒருவர் பரிசோதனை செய்ய விரும்புகிறார். பெற்றோருக்குத் தெரிந்தால் வீட்டை விட்டே துரத்துவார்கள் என்று அழுகிறார்.

பெற்றோர் கையெழுத்து தேவையில்லை. 2018 டிசம்பரில் கையெழுத்தான குடியரசுச் சட்டம் 11166-ன்படி 15 வயது நிரம்பியவர் தானே ஒப்புதல் தந்து பரிசோதனை செய்துகொள்ளலாம். 15-க்குக் குறைந்தவராக இருந்து, கர்ப்பமாக இருந்தாலோ தொற்று ஆபத்துள்ள சூழலில் இருந்தாலோ, சமூகப் பணியாளர் அல்லது சுகாதாரப் பணியாளரின் துணையோடு செய்யலாம். முடிவை அவருடைய அனுமதி இல்லாமல் வெளியிட்டால் அது சட்டப்படி குற்றம். முதல் முறை நீங்களே உடன் போனால் பேருதவி. பள்ளிப் பதிவேட்டில் எதையும் எழுதி வைக்காதீர்கள்.

கேள்வி: ‘உண்டு’ என்று வந்துவிட்டது. அடுத்து என்னென்ன நடக்கும்? மருந்துக்குப் பணம் எவ்வளவு ஆகும்?

துரிதப் பரிசோதனையில் ‘உண்டு’ என்று வந்தவருக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் உறுதிப் பரிசோதனை நடக்கும். முன்பு எல்லா மாதிரியும் மணிலாவின் சான் லாசரோ மருத்துவமனையில் உள்ள மைய ஆய்வகத்துக்கே போய் வர வேண்டியிருந்தது, வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். இப்போது மூன்று துரிதப் பரிசோதனைகளை அடுத்தடுத்துச் செய்து உறுதிசெய்யும் ஆய்வகங்கள் பிராந்தியங்களிலும் இருக்கின்றன. எங்கே சீக்கிரம் கிடைக்கும் என்று கேட்டுப் போகலாம்.

எச்.ஐ.வி. மருந்து ஹப்பில் இலவசம். அரசுக் காப்பீடான பில்ஹெல்த்தில் இதற்கென்றே வெளிநோயாளர் சிகிச்சைத் திட்டம் இருக்கிறது. ஆய்வகக் கட்டணமும் ஆலோசனைக் கட்டணமும் அதில் அடங்கும். பில்ஹெல்த் உறுப்பினர் எண் இல்லாதவர், அல்லது சந்தா நிலுவை உள்ளவர், முதல் நாளே அதைச் சரிசெய்ய ஹப்பில் உள்ளவரிடம் உதவி கேட்க வேண்டும். இந்தக் காகித வேலைக்காக மலைத்துப்போய்த் திரும்பி வராமலே போனவர்கள் உண்டு.

வீட்டுக்குப் பக்கத்து ஹப்புக்குப் போனால் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்ற பயம் நியாயமானது. எந்த ஹப்பிலும் சேரலாம், பிறகு மாற்றுக் கடிதம் வாங்கி வேறிடத்துக்கு மாறலாம். ஆனால் மூன்று பேருந்து மாறிப் போகிற தூரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஆறாவது மாதத்தில் சலிப்பு வரும். வேலை பார்க்கும் இடத்துக்கு அருகில் இருப்பதே பெரும்பாலும் நிலைக்கிறது.

காசநோய் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள், அந்நாட்டில் காசநோய் மிக அதிகம். மூளையைப் பாதிக்கும் காசநோயோ பூஞ்சைத் தொற்றோ சந்தேகம் இருந்தால் எச்.ஐ.வி. மருந்தைச் சில வாரம் தள்ளிவைப்பார்கள். மற்றவர்களுக்கு ஒரு வாரத்துக்குள், தயாராக இருந்தால் அன்றே தொடங்கலாம். சி.டி.4 200-க்குக் கீழே இருந்தால் மற்ற தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் சேரும்.

மாத்திரை நாளைக்கு ஒன்று. சில விஷயங்களை மட்டும் மறக்கக் கூடாது. கிரெமில்–எஸ் போன்ற அலுமினியம், மெக்னீசியம் கலந்த நெஞ்செரிச்சல் மாத்திரைகள் டோலுடெக்ராவிரைப் பிடித்துவைத்து உடலில் சேரவிடாது. அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எச்.ஐ.வி. மாத்திரையை எடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை உணவோடு சேர்த்து எடுத்தால் பிரச்சினை இல்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் இரண்டு வேளை தேவைப்படும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர் நாளைக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலோ கழலை வீக்கமோ புதிதாக வந்தால் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். எதிர்ப்புச் சக்தி திரும்பி எழுந்து, ஒளிந்திருந்த காசநோயோடு போராடுவதால் அப்படி வரும். ஹப்புக்குப் போய்க் காட்டுங்கள்.

கேள்வி: மருந்து எடுப்பவரிடமிருந்து தொற்றாது என்பது உண்மையா, ஆறுதலுக்குச் சொல்வதா?

உண்மை. 2019-ல் வெளியான பார்ட்னர்–2 ஆய்வில், ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள, சிகிச்சையில் வைரஸ் அளவு 200-க்குக் கீழே உள்ள 782 ஆண் இணையர்களைப் பின்தொடர்ந்தார்கள். ஆணுறை இல்லாமல் 76,000-க்கும் மேற்பட்ட முறை ஆசனவாய் வழி உறவு. இணையரிடமிருந்து தொற்றியது ஒருவருக்குக்கூட இல்லை. இதற்கு ரத்தத்தில் வைரஸ் அளவைக் காட்டும் வைரல் லோடு பரிசோதனை செய்து எண்ணைக் கையில் வைத்திருக்க வேண்டும். மாத்திரை போடுகிறேன், உடம்பு நன்றாக இருக்கிறது என்ற ஊகம் போதாது. பிலிப்பைன்ஸில் சிகிச்சையில் உள்ள பலருக்கு அந்தப் பரிசோதனையே நடக்காமல் இருக்கிறது. ஆறு மாதம் ஆனதும் நீங்களாகவே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கப்பலில் என்னோடு வேலை பார்க்கும் பிலிப்பினோ நண்பர் ஒப்பந்தம் ஒன்பது மாதம் என்பதால் மருந்தை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறார்.

வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். நிறுத்தினால் சில வாரங்களில் வைரஸ் திரும்பும். ஹெபடைடிஸ் பி-யும் இருந்தால் கல்லீரலுக்கும் ஆபத்து. கடலுக்குப் போகும் தேதி தெரிந்ததும் ஹப்பில் சொன்னால் பல மாத மருந்தைச் சேர்த்துத் தர ஏற்பாடு செய்ய முடியும். கிளம்பும் வாரத்தில் போய்க் கேட்டால் கையிருப்பு இல்லாமல் போகலாம், ஒரு மாதம் முன்பே போக வேண்டும். மருந்தைக் கைப்பையில், அசல் டப்பாவில், மருத்துவர் கடிதத்தோடு எடுத்துச் செல்லட்டும். நேர மண்டலம் மாறும்போது கப்பல் கடிகாரத்தைத் துரத்த வேண்டாம், ஏறத்தாழ 24 மணி நேர இடைவெளி போதும். ஒருவேளை மறந்தால் நினைவு வந்ததும் ஒன்று. மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. சில நாடுகளில் எச்.ஐ.வி. உள்ள வெளிநாட்டவருக்கு நுழைவுத் தடை உண்டு. இறங்கப் போகும் துறைமுகங்களின் விதியை முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

கேள்வி: எச்.ஐ.வி. இல்லை என்று வந்தால் நிம்மதிதானே? மற்ற பால்வினை நோய்களுக்கும் பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். சிறுநீரை மட்டும் சோதித்தால் கொனோரியாவும் கிளமிடியாவும் பாதிக்கு மேல் தப்பிவிடும். தொண்டையிலும் மலக்குடலிலும் அவை எந்த அறிகுறியும் இல்லாமல் தங்கும். மூன்று இடத்திலும் மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சிஃபிலிஸ் புண் வலிக்காது, ஆசனவாய்க்குள் இருந்தால் கண்ணிலும் படாது. ஆரம்ப நிலைக்குப் பென்சத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஒரே தடவை, இரண்டு பிட்டத்திலும் பாதிப் பாதியாக. எப்போது வந்தது என்று தெரியாதவருக்கு வாரம் ஒன்று வீதம் மூன்று. ஊசி போட்ட இரவே குளிர்காய்ச்சல் வரலாம், அதை ஒவ்வாமை என்று பயந்துவிட வேண்டாம். ஒருமுறை வந்து குணமானவருக்குத் துரிதப் பரிசோதனை பெரும்பாலும் ஆயுள் முழுக்க ‘உண்டு’ என்றே காட்டும். ஆர்.பி.ஆர். என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை காட்டும் அளவின் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் புதுத் தொற்றைக் கண்டுபிடிக்க முடியும், அதனால் பழைய ஆர்.பி.ஆர். சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் ஏ, பி, எச்.பி.வி. தடுப்பூசிகளையும் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: ‘ஹை ஃபன்’ என்கிறார்களே, அதில் தனி ஆபத்து உண்டா?

ஷாபு எனப்படும் மெத்தம்ஃபெட்டமினோடு சேர்ந்த உறவை அங்கே அப்படிச் சொல்வார்கள். மணிக்கணக்கில் நீடிக்கும், வலி தெரியாது, ஆணுறையும் மாத்திரை நேரமும் மறந்துபோகும். சட்டம் கடுமையாக இருப்பதால் மருத்துவரிடமும் மறைக்கிறார்கள். நிறுத்த முடியாதவர் குறைந்தபட்சம் மாத்திரையை முன்கூட்டியே எடுத்துவிட்டு, ஆணுறையையும் திரவத்தையும் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொள்ளட்டும். ஊசியையும், ஊசியோடு பயன்படுத்தும் தண்ணீரையும் கரண்டியையும் பகிரவே கூடாது, ஹெபடைடிஸ் சி பரவுவது அதனால்தான். ரிட்டோனவிர் சேர்ந்த எச்.ஐ.வி. மருந்து எடுப்பவருக்கு ரத்தத்தில் ஷாபுவின் அளவு பன்மடங்கு ஏறலாம். மருத்துவரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கேள்வி: மகாத்தியில் அழைப்பு மையம் ஒன்றில் குழு மேலாளராக இருக்கிறேன். ஊழியர்களுக்கு விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாருக்கும் பரிசோதனையைக் கட்டாயமாக்கலாமா?

கூடாது. வேலைக்குச் சேர்க்கவோ வேலையில் தொடரவோ எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்குவதைச் சட்டம் 11166 தடுக்கிறது. தொற்றைக் காரணம் காட்டி வேலைநீக்கம் செய்வதும், பதவி உயர்வை மறுப்பதும் குற்றம். ஒருவர் தானாக வந்து உங்களிடம் சொன்னால், மனிதவளத் துறைக்குக்கூட அவர் அனுமதி இல்லாமல் சொல்லக் கூடாது.

நிகழ்ச்சியைப் பற்றி: நோய் முற்றிய உடலின் படங்களைக் காட்டாதீர்கள். பயந்தவர் பரிசோதனைக்குப் போவதில்லை, தள்ளிப்போடுகிறார். ‘தன்பாலீர்ப்பு ஊழியர்களுக்காக’ என்று தலைப்பு வைத்தால் யாரும் வர மாட்டார்கள். ஆண்களோடு உறவு கொள்ளும் எல்லாரும் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வதும் இல்லை. மொத்தக் குழுவுக்கும் நடத்துங்கள். பேச வருபவர் அதே வயதில், தகலோக்கிலோ செபுவானோவிலோ சரளமாகப் பேசுகிறவராக இருக்கட்டும். சமூக அமைப்புகளில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஆணுறை போடுவதை மாதிரியில் செய்து காட்டச் சொல்லுங்கள். கேள்விகளைப் பெயர் எழுதாத சீட்டில் வாங்குங்கள், வாய்விட்டுக் கேட்க முடியாதவைதான் முக்கியமானவை.

உங்கள் ஊழியர்கள் இரவு வேலை பார்த்துப் பகலில் தூங்குகிறவர்கள். காலை எட்டு முதல் ஐந்து வரை மட்டும் திறந்திருக்கும் இடத்தின் முகவரியைக் கொடுத்துப் பயனில்லை. கியூசோன் நகரின் கிளினிக்கா பெர்னார்டோ 2012-ல் மாலை, இரவு நேரங்களில் திறந்திருக்கும் கிளினிக்காகத் தொடங்கப்பட்டதே இதற்காகத்தான். அப்படிப்பட்ட இடங்களின் இப்போதைய நேரத்தை நீங்களே விசாரித்து, தொலைபேசி எண்ணோடு கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அறிவிப்புப் பலகை முன் நின்று யாரும் எண்ணைக் குறித்துக்கொள்ள மாட்டார்கள். ஆணுறையையும் வழவழப்புத் திரவத்தையும் அங்கேயே ஒரு பெட்டியில் வையுங்கள். எடுத்தவர் யார் என்று பார்க்கும் கேமரா அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கட்டும். பெட்டி காலியானால் அன்றே நிரப்ப ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.